அரிசி வாங்கும் நாளில் நடந்த பள்ளிக்கூடம்

2020 மார்ச் 17ஆம் தேதி தமிழ்நாட்டில் பள்ளிகளை மூடினார்கள். இரண்டு வாரத்தில் திறந்துவிடுவோம் என்றுதான் நினைத்தோம். ஒன்றாம் வகுப்பு அலமாரியில் சிலேட்டுகள் அப்படியே கிடந்தன, கரும்பலகையில் முந்தைய நாள் எழுதிய ப, பா, பி வரிசையைக்கூட நான் அழிக்கவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி உள்ளே வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. பத்தொன்பது மாதத்துக்கு மேல். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த ஒரு பிள்ளை முதல்முறையாக வகுப்பறைத் தரையில் வந்து உட்கார்ந்தபோது அது இரண்டாம் வகுப்புப் பிள்ளை. இதை எழுதும்போது இப்போதும் மனது கனக்கிறது.

இது ஒரே ஒரு பள்ளியில் நடந்தது. திருவாரூர் மாவட்டத்தில் மன்னார்குடிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி, தலைமையாசிரியரும் நானும் மட்டும். 41 பிள்ளைகள், 30 வீடுகள். அம்மாக்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள், அப்பாக்களில் பாதிப்பேர் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போகிறவர்கள். ஊர்ப் பெயரையும் யார் பெயரையும் எழுதவில்லை, அது அவர்கள் விஷயம். வீட்டிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்தோம், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, அதை மட்டும் நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பட்டியல்

ஜூன் பிறந்தும் பள்ளி திறக்கவில்லை. தலைமையாசிரியர், எமிஸ் என்ற அரசின் மாணவர் விவரப் பதிவில் இருந்த எண்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக அழைக்கச் சொன்னார். கிட்டத்தட்ட பாதி எண்கள் உயிரோடு இல்லை. சிம் மாறியிருந்தது, இல்லையென்றால் ரீசார்ஜ் செய்யாமல் நின்றுபோயிருந்தது, ஒரு எண் வேறு ஊரில் யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சரி, நடந்தே போய்விடுவோம் என்று கிளம்பினோம். இந்த நேரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர் சத்துணவு அமைப்பாளர் அம்மா. எந்த வீட்டில் எந்த நேரத்தில் யார் இருப்பார்கள், எந்த வீட்டில் அப்பாயி மட்டும்தான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார், எந்த வீட்டில் இப்போது அடுப்பு எரிவதே சிரமம், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்த ஊரில் வேலை பார்த்த எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

நோட்டில் ஒரு கோடு போட்டு மூன்று கட்டம் பிரித்தோம். போன் என்ன போன், அது பகலில் யாரிடம் இருக்கும், டிவி ஓடுகிறதா. அந்த இரண்டாவது கட்டத்தைப் போட்டது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் ஊரடங்கு நேரத்தில் திருப்பூரிலிருந்து திரும்பி வந்த அப்பாக்களோடு ஆன்ட்ராய்டு போன்களும் ஊருக்கு வந்திருந்தன, ஜூனில் எண்ணிப் பார்த்தால் நிலைமை பரவாயில்லை என்றுதான் தோன்றும். செப்டம்பரில் மில்கள் ஆள் கூப்பிட்டதும் அப்பாக்கள் போனார்கள், போனும் போயிற்று. அம்மாவிடம் மிஞ்சியது பட்டன் போன். கிராமத்துப் பிள்ளைகளின் கல்வி நிலையைப் பார்க்கும் அசர் கணக்கெடுப்பு 2020இல் எடுத்தபோது, நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள கிராமத்து வீடுகளில் 61.8 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருப்பதாக வந்தது, 2018இல் அது 36.5 சதவீதம்தான். பெரிய ஏற்றம், உண்மைதான். ஆனால் வீட்டில் போன் இருப்பதும் காலை பத்து மணிக்கு ஏழு வயதுப் பிள்ளையின் கையில் போன் இருப்பதும் வேறு வேறு என்பதை அந்த இரண்டாவது கட்டம்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது.

போனில் நடந்தது

எல்லோரையும்போல நாங்களும் வாட்ஸ்அப் குழுதான் முதலில் தொடங்கினோம். வீடியோ அனுப்பினோம், பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொன்னோம், வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். முதல் வாரம் உற்சாகமாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் பதில் போடுகிற வீடுகள் ஆறோ ஏழோதான், அதுவும் எப்போதும் அதே வீடுகள், பள்ளியில் இருந்தபோதே நன்றாகப் படித்த பிள்ளைகளின் வீடுகள். வந்த படங்களில் சிலவற்றில் கையெழுத்து அக்காவுடையது, ஒன்றில் அம்மாவுடையது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். டீச்சர் கேட்டுவிட்டார், அனுப்பாவிட்டால் மரியாதை இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் எழுத்துகளை எழுதிப் படம் அனுப்புவாள், வடிவம் அச்சு மாதிரி இருக்கும், நானும் நட்சத்திரம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதச் சொல்லிப் பார்த்தால், 'அ'வை வலது பக்கக் கோட்டிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி எழுதுகிறாள். எழுத்தை எழுத்தாக எழுதாமல் ஒரு படத்தை வரைகிற மாதிரி வரைந்திருக்கிறாள். முடிந்த எழுத்தைத்தான் படம் காட்டும், கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்பதை அது காட்டாது. வகுப்பில் இருந்திருந்தால் பின்னால் நின்று கையைப் பிடித்து அரை நிமிடத்தில் திருத்தியிருப்பேன். அதை மாற்ற அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று, அழுதுகொண்டே மாற்றினாள்.

அதற்குப் பிறகு குழுவைச் செய்தி சொல்ல மட்டும் வைத்துக்கொண்டு, நேரடியாகப் பேச ஆரம்பித்தோம். மாலை ஏழு மணிக்கு மேல், அம்மா வேலையிலிருந்து வந்து குளித்துச் சமையலை முடித்த பிறகு, ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், வாரத்துக்கு இரண்டு தடவை. பட்டன் போனில் இது போதும், டேட்டா வேண்டாம். முதல் நாள்களில் ஒரு பக்கம் நான் கேள்வி கேட்பேன், அந்தப் பக்கம் சத்தமே வராது, லைன் போய்விட்டதோ என்று நினைப்பேன். "தலையாட்டுறான் டீச்சர்" என்று அம்மா சொல்வார். ஆறு வயதுப் பிள்ளைக்குப் போனில் தலையாட்டினால் தெரியாது என்பது தெரியாது. அதைப் பழக்கவே ஒரு மாதம் பிடித்தது. ல, ள, ழ மூன்றையும் போனில் சொல்லிக் கொடுக்க முடியாது என்பதையும் கற்றுக்கொண்டேன், வாயைப் பார்க்காமல் நாக்கு எங்கே மடிகிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

கல்வித் தொலைக்காட்சி

பள்ளிப் பாடங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய அலைவரிசை அது, 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பினார்கள். அரசு கேபிளில் 200ஆவது சேனல். பாடங்கள் நன்றாகத் தயாரிக்கப்பட்டவை, நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், சில ஆசிரியர்கள் அறிவியலை அவ்வளவு அழகாக நடத்தினார்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அது நிஜமாகவே உதவியது. கால அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதி ரேஷன் கடைச் சுவரிலும் பிள்ளையார் கோயில் பக்கத்திலும் ஒட்டினோம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை. மின்சாரம் போனால் அன்றைய பாடம் போயிற்று, கேபிள் காசு கட்டாத மாதத்தில் மாதமே போயிற்று. அதைவிட முக்கியமான காரணம், அது நிற்காது. புரியவில்லை என்று முகம் சுருக்குகிற பிள்ளைக்காக டிவி திரும்பச் சொல்லாது.

அரிசியும் தாளும்

பள்ளி மூடியிருந்ததால் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் உலர்பொருளாகக் கொடுக்க அரசு உத்தரவிட்டிருந்தது, பின்னால் முட்டையும் சேர்ந்தது. அதை வாங்க எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஏழு வீடு, போனில் எடுத்துப் பேசினால் இருபது வீடு, அரிசி கொடுத்த முதல் நாளில் 30 வீடும் பள்ளி வாசலில் நின்றது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் பை வைத்துக்கொண்டு நின்ற அந்த வரிசையைப் பார்த்துத் தலைமையாசிரியர், "இதுதான் நம்ம வகுப்பறை, இனிமேல் எல்லாத்தையும் இந்த நாளில் மாட்டிவிடுவோம்" என்றார். எங்கள் பள்ளியில் அந்தக் காலத்தில் எது வேலை செய்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்த முறையிலிருந்து அரிசி அளக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டோம். பழைய நோட்டையும் தாள்களையும் இந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, புதிய தாள்களை வாங்கிக்கொண்டு, என்னிடம் ஐந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போக வேண்டும். கூட்டம் சேரக் கூடாது என்பதற்காக டோக்கன் போட்டு இரண்டு நாளாகப் பிரித்தோம். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் என்றால் இடைவெளி ரொம்ப அதிகம், அதனால் நடுவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாங்களே தெருவுக்குப் போய்த் தாளை மாற்றிக்கொடுத்தோம். ஆனால் அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுவது அரிசி நாளில்தான் நடந்தது.

தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் நாங்கள் எழுதிய தாள்கள் சரியாக வரவில்லை. 'கீழ்க்காணும் படங்களை உற்றுநோக்கிப் பொருத்துக' என்று எழுதி அனுப்பினோம். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் வேண்டுமே? பாதி வெறுமையாகத் திரும்பி வந்தது. அப்புறம் கட்டளை வரிகளையே எடுத்துவிட்டோம். ஒவ்வொரு பகுதியிலும் முதல் கட்டத்தை நாங்களே செய்து காட்டி வைத்தோம், பிள்ளை அதைப் பார்த்து மீதியைச் செய்யும். சொற்களை வீட்டிலிருந்து எடுத்தோம், வாளி, கயிறு, அம்மி, உலை, கொடி, சும்மாடு, இப்படி. பிள்ளை சொல்லை வாசித்துவிட்டு அந்தப் பொருளைத் தொட்டுக் காட்ட வேண்டும், அதுதான் பயிற்சி. கணக்குக்குப் புளியங்கொட்டை. ஒரு வீட்டில் பல்லாங்குழி இருந்தது, அந்தத் தெருவுப் பிள்ளைகள் நான்கு பேருக்கும் கூட்டலும் கழித்தலும் அதிலேயே நடந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் பாடப்புத்தகத்தை ஒட்டியே தாள் தயாரித்தோம், அவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள். ஜெராக்ஸ் செலவை நாங்கள் இருவரும் பகிர்ந்துகொண்டோம், பிறகு ஊரில் ஒருவர் மூன்று மாதத்துக்கான தாள் கட்டுகளை வாங்கிக் கொடுத்தார்.

தாளைவிடக் கடினமாக இருந்தது அம்மாக்களின் தயக்கம். "எனக்கே எழுத்து தெரியாது டீச்சர், நான் எங்க சொல்லிக் குடுக்குறது" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், சொல்லும்போது குரல் தாழ்ந்துபோகும். நாங்கள் கேட்டதோ ஒன்றே ஒன்று. "நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்மா. ராத்திரி சோறு ஆக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வெச்சு ஆறு வரியைச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, நீங்க காது குடுத்தாப் போதும்." எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் கேட்பதால் என்ன ஆகும் என்று எனக்கே முதலில் சந்தேகம் இருந்தது. இரண்டாவது மாதம் ஒரு அப்பாயி வந்து மேசை முன்னால் நின்று, தாளில் நான்காவது வரியை விரலால் தொட்டுக் காட்டி, "இந்த இடத்துல இவன் தினமும் தடுக்குறான் டீச்சர், மத்ததெல்லாம் ஓடுது" என்றார். அந்த வரியில் ற்ற வந்த சொல் இருந்தது, காற்றாடி. அவருக்கு அந்த எழுத்து தெரியாது. பேரன் எங்கே தடுக்குகிறான் என்பது தெரிந்திருந்தது, எத்தனையாவது வரி என்று எண்ணி வைத்திருந்தார். அந்தப் பையனுக்கு அடுத்த தாளில் காற்று, நேற்று, கிணற்றில், வயிற்றில் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்றைக்கு எங்கள் நோட்டில் நான்காவது கட்டம் ஒன்று சேர்ந்தது: 'யார் கேட்பார்'. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர். அம்மா, அப்பாயி, அம்மாயி, எட்டாவது படிக்கிற அண்ணன், பக்கத்து வீட்டு அத்தை. பெயர் இல்லாத ஆறு பிள்ளைகளுக்கு நாங்கள் ஆள் தேடினோம். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், தன் வீட்டுத் திண்ணையில் மாலையில் ஐந்து பிள்ளைகளை இடைவெளி விட்டு உட்கார வைத்து வாசிக்கக் கேட்டாள். இப்படிச் செய்யலாமா என்று மேலிடத்தில் கேட்டோம். எழுத்தில் ஒன்றும் தர முடியாது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அந்தப் பதில் எங்களை ரொம்பவே பயமுறுத்தியது, ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது? இருந்தாலும் முகக்கவசமும் திறந்த திண்ணையுமாகத் தொடர்ந்தோம்.

மழை, அப்புறம் இரண்டாம் அலை

2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல், டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல். புரெவி மழையில் எங்கள் பக்கம் வயலும் தெருவும் ஒன்றாகிவிட்டது, தாழ்வான வீடுகளில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, புத்தகங்களும் தாள்களும் ஊறிக் கூழாயின. போன் சார்ஜ் இல்லை, டிவி பேச்சே இல்லை. இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை, நடத்தியிருக்கவும் கூடாது. மறுபடி தாள் கொடுத்தபோது பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆணியில் மாட்டும்படி கொடுத்தோம்.

2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தது. திண்ணையை உடனே நிறுத்தினோம். இரண்டு வீடுகளில் சாவு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் போன் செய்தபோது பாடம் எதுவும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா, யாரோடு தூங்குகிறாய் என்று மட்டும் கேட்டேன். ஒரு பெண் குழந்தை மட்டும், "டீச்சர், நான் வாசிக்கட்டுமா" என்று அவளாகவே கேட்டு ஆறு வரியையும் வாசித்து முடித்தாள்.

மூன்று பிள்ளைகளை நாங்கள் எட்டவே முடியவில்லை. இரண்டு பேரின் குடும்பம் வேலைக்காக வெளியூர் போய்விட்டது, மாறிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவன் ஐந்தாம் வகுப்பு, மாடு மேய்க்கப் போனவன், ஊரிலேயே இருந்தான். அவன் வீட்டுக்கு ஐந்து தடவை போனோம். ஐந்து தடவை போதவில்லை என்று இப்போது தெரிகிறது.

திறந்த பிறகு பார்த்தது

நவம்பர் 1ஆம் தேதி வந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை, பென்சிலை முஷ்டியில் பிடித்தார்கள், பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருப்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. முதல் வாரம் பாடமே எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் குறித்தோம். 'யார் கேட்பார்' கட்டத்தில் கடைசிவரை பெயர் இருந்த பிள்ளைகள் எழுத்துக்கூட்டியாவது வாசித்தார்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் இருந்த பிள்ளைகளில் சிலருக்கு, நல்ல போன் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும்கூட, அது வரவில்லை. ஒரு பள்ளியில் 41 பிள்ளைகளை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது அதுதான்.

கணக்குதான் எல்லோருக்கும் அடி வாங்கியிருந்தது. கடன் வாங்கிக் கழித்தல் நான்காம் வகுப்பில் ஒருவருக்கும் வரவில்லை. பின்னால் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வைப் படித்தபோது இதே விஷயம் அங்கேயும் இருந்தது. 2021 டிசம்பரில் பரிசோதித்துப் பார்த்ததில், அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவு அது) கணக்கில் அதைப்போல் இரு மடங்காக 0.7 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். ஏன் கணக்கில் இரு மடங்கு? என் அனுபவத்தில் சொல்கிறேன், மொழி வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுகிறது, சுவரொட்டியிலும் டிவியிலும் எழுத்து கண்ணில் படுகிறது, ஆனால் பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்கிக் கழிக்கும் வேலை எந்த வீட்டிலும் தானாக நடப்பதில்லை. அதற்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்து, பிள்ளை எந்தப் படியில் நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் தாள்கள் வாசிப்பைக் காப்பாற்றிய அளவுக்குக் கணக்கைக் காப்பாற்றவில்லை. புளியங்கொட்டையோடு நிறுத்தியது எங்கள் தவறு, குச்சிக்கட்டு, பத்துக்கட்டு என்று அனுப்பி அம்மாக்களுக்கு அரிசி நாளிலேயே செய்து காட்டியிருக்கலாம்.

அதே ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இந்தப் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது என்றும், அப்படி மீண்டதில் சுமார் கால் பங்கு அரசின் மாலை நேர வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்றும் சொன்னது. அந்தத் திட்டம் 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர், ஏறக்குறைய இருபது பிள்ளைகள், மாலை ஐந்து முதல் ஏழு மணிவரை, மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை, இதுதான் அப்போதைய ஏற்பாடு. எங்கள் ஊரில் தன்னார்வலராகச் சேர்ந்தது அந்தத் திண்ணைப் பெண்தான். பயந்து பயந்து ஐந்து பேரை உட்கார வைத்தவள், இப்போது அடையாள அட்டையும் கரும்பலகையும் வைத்துக்கொண்டு இருபது பேரை நடத்தினாள். மாடு மேய்க்கப் போன பையனும் ஒருநாள் அங்கே வந்து திண்ணை ஓரத்தில் நின்றிருக்கிறான். அவள் உள்ளே வா என்று கூப்பிடாமல், ஒரு சின்னப் பெண்ணைக் காட்டி, "இவ வாசிக்கிறதைக் கொஞ்சம் கேக்குறியா" என்று சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டான். மறுநாளும் வந்தான்.

அந்த நோட்டை நாங்கள் மூடி வைக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஒரு நோட்டில் அதே நான்கு கட்டம் போடுகிறோம். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் மாவட்டத்துக்கு மழை விடுமுறை தொடர்ச்சியாக வரும், அம்மை போட்டால் ஒரு பிள்ளை இரண்டு வாரம் வராது, அறுவடைக்கு வீடே வெளியூர் போகும். அதற்காக வகுப்புக்கு ஒரு கட்டுத் தாள் தயாராக இருக்கிறது, இப்போது கழித்தலுக்குக் குச்சிக்கட்டும் சேர்த்து. வானம் கறுத்த நாளில், ஆட்சியர் அறிவிப்பு வருவதற்கு முன்பே, மூன்று மணி வாக்கில் பிள்ளைகள் தாங்களாகவே அலமாரிப் பக்கம் போய் வரிசையில் நிற்கிறார்கள்.